மாஃபுச்சி நோயில் புற்று அபாயமும் மருத்துவமும்: 'தீங்கற்ற கட்டி', 'மரபணு நோய்' என்னும் இரு வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எலும்புகளுக்குள் பல குருத்தெலும்புக் கட்டிகளும், தோலிலும் மென்திசுக்களிலும் குருதிக்குழல் கட்டிகளும் ஒருசேரத் தோன்றும் அரிய நோய் மாஃபுச்சி நோய்க்கூட்டறிகுறி எனப்படும். இந்நோயில் கட்டிகளைத் தனித்தனியே நோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை புற்றல்லாதவை. நோயாளியின் வாழ்நாளை முழுமையாக நோக்கினால் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுதி. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே உணர்த்தும் ஆற்றல் 'தீங்கற்ற கட்டி' என்னும் வழக்குத் தொடருக்கு இல்லை. அவ்வாறே, 'மரபணு நோய்' என்னும் தொடர் பரம்பரை நோய் என்ற பொருளைத் தந்து குடும்பங்களைக் கலங்கச் செய்கிறது. நோயின் இயல்பு, புற்றாக மாறும் வழி, அபாய அளவு, மருத்துவம் ஆகியவற்றை விளக்கி, இவ்விரு தொடர்களையும் எவ்வாறு கையாள வேண்டும் என்பதைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டார நோயாளிகளின் நிலையோடு பொருத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மாஃபுச்சி நோய், ஒலியர் நோய், குருத்தெலும்புப் புற்று, குருதிக்குழல் கட்டி, திடீர்மாற்றம், அறிவியல் தமிழ்.

முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தை மையமாகக் கொண்டவை. ஒரு பிறமொழிச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் அமைந்துவிட்டால் பணி முடிந்தது என்று கருதும் போக்கு உண்டு. மருத்துவத் துறையில் அச்சொல்லை இறுதியில் கேட்பவர் நோயாளி. அவர் அதை என்ன பொருளில் விளங்கிக்கொள்கிறார், விளங்கிக்கொண்டபின் என்ன செய்கிறார் என்பதும் சொல்லாக்கத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். சொல் துல்லியமாக இருந்தும் நோயாளி மறுமுறை மருத்துவமனைக்கு வராமற்போனால் அச்சொல் தன் கடமையைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். இதனைத் தெளிவாகக் காட்டவல்ல நோய்களுள் ஒன்று மாஃபுச்சி நோய். உலக மருத்துவ இலக்கியத்தில் சில நூறு நோயாளிகளே இதுவரை பதிவாகியுள்ளனர். அரிய நோயாயினும், இது எழுப்பும் மொழிச் சிக்கல் புற்று மருத்துவம் முழுவதற்கும் பொதுவானது.

நோயின் வரலாறும் இயல்பும்

இத்தாலிய நோயியல் அறிஞர் ஆஞ்சலோ மாஃபுச்சி 1881ஆம் ஆண்டு இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அவர் விவரித்த நோயாளி 40 வயதுப் பெண். குருதிக்குழல் கட்டியிலிருந்து அப்பெண்ணுக்கு அடிக்கடி கடும் குருதிப்போக்கு ஏற்பட்டது. கை துண்டிக்கப்பட்டபின் தொற்றினால் அவர் இறந்தார். பின்னர் 1942இல் கார்ல்டன் முதலானோர் எழுதிய கட்டுரை மாஃபுச்சியின் பெயரை இந்நோய்க்கு நிலைபெறச் செய்தது.

குழந்தையின் எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைப் பகுதியில் உள்ள வளர்ச்சித் தட்டினால் ஆகும். அத்தட்டிலுள்ள குருத்தெலும்புச் செல்கள் பெருகி, முதிர்ந்து, எலும்புக்கு இடங்கொடுத்து மறைய வேண்டும். சில செல்கள் அவ்வாறு முதிராமல் குருத்தெலும்பாகவே எலும்பின் உட்பகுதியில் தங்கிவிடுவதுண்டு. அவை திட்டுத்திட்டாக வளர்வதே உள்ளெலும்புக் குருத்தெலும்புக் கட்டி. இத்தகைய கட்டி ஒன்று மட்டும் இருப்பது பொதுவாகக் காணப்படுவது. அதனால் பெருந்தொல்லை இல்லை. பல எலும்புகளில் பல கட்டிகள் இருப்பின், 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் அது ஒலியர் நோய் எனப்படும். அவற்றோடு குருதிக்குழல் கட்டிகளும் சேர்ந்திருப்பின் மாஃபுச்சி நோய்.

பெரும்பாலும் பருவமடைவதற்கு முன்பே அறிகுறிகள் தோன்றும். விரல்களில் முண்டுமுண்டான வீக்கம், ஒரு கை அல்லது கால் மற்றதைவிடக் குட்டையாதல், சிறு அடிக்கே எலும்பு முறிதல், தோலில் நீலநிற மென்புடைப்புகள் ஆகியன முதன்மையானவை. குருதிக்குழல் கட்டிகளில் சுண்ணாம்பு படிந்து உருவாகும் சிறு உருண்டைகளை எக்ஸ்-கதிர்ப் படத்தில் காணலாம். ஒலியர் நோயிலிருந்து மாஃபுச்சி நோயைப் பிரித்தறிய இவ்வுருண்டைகள் உதவும். எலும்பு முறிந்த சிறுவனுக்குப் படம் எடுக்காமலே நாட்டுக் கட்டுப் போட்டு அனுப்பினால் முறிவு கூடிவிடலாம்; முறிவுக்குக் காரணமான கட்டி அறியப்படாமலே போய்விடும்.

'மரபணு' என்னும் சொல்லும் பரம்பரை என்னும் பொருளும்

லைடன், இலண்டன் நகரங்களைச் சார்ந்த இரு ஆய்வுக்குழுக்கள் 2011ஆம் ஆண்டு தனித்தனியே இந்நோயின் அடிப்படைக் காரணத்தை வெளியிட்டன. ஐ.டி.எச்.1, ஐ.டி.எச்.2 என்னும் மரபணுக்களில் நேரும் திடீர்மாற்றமே அது. லைடன் குழுவின் ஆய்வில் குருத்தெலும்புக் கட்டிகளுள் 87 விழுக்காட்டிலும், கதிர்ச்செல் குருதிக்குழல் கட்டிகளுள் 70 விழுக்காட்டிலும் இம்மாற்றம் காணப்பட்டது. அதே நோயாளியின் இயல்பான திசுக்களில் இம்மாற்றம் பொதுவாகக் காணப்படவில்லை, அல்லது மிகக் குறைந்த அளவிலேயே காணப்பட்டது. பெற்றோரிடமிருந்து வந்த மாற்றமாயின் உடலின் ஒவ்வொரு செல்லிலும் அது இருந்தாக வேண்டும். ஆகவே இது கருவளர்ச்சியின்போது ஏதோ ஒரு செல்லில் புதிதாக நேர்ந்து, அச்செல்லின் வழித்தோன்றல்களில் மட்டும் தொடர்வது என்பது தெளிவாயிற்று.

இதனைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தார் முக்கொம்பைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். காவிரி முக்கொம்பில் பிரிந்து, ஒரு கிளை கொள்ளிடமாகவும் மற்றொன்று காவிரியாகவும் திருவரங்கத் தீவின் இருபுறமும் ஓடுகிறது. முக்கொம்புக்கு மேற்கே ஆற்றில் சாயம் கலந்தால் இரு கிளைகளிலும் நிறம் தெரியும். பிரிந்தபின் ஒரு கிளையில் மட்டும் கலந்தால் மற்றது தெளிவாகவே இருக்கும். குருத்தெலும்பும் குருதிக்குழலும் கிளைப்பதற்கு முன்னுள்ள செல்லில் மாற்றம் நேர்ந்தால் இரண்டிலும் கட்டிகள் தோன்றி மாஃபுச்சி நோயாகும். கிளைத்தபின் குருத்தெலும்புவழிச் செல்லில் நேர்ந்தால் ஒலியர் நோயாகும் எனக் கருதப்படுகிறது. ஒரு கையில் மட்டும் கட்டிகள் உள்ளவரும், உடலெங்கும் உள்ளவரும் இருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். இவ்வுவமையில் சாயம் கலந்தது ஆற்றின் நடுவழியில். அதன் ஊற்றான குடகு மலையில் அன்று. அதாவது, இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததன்று.

தமிழ்ச் சொல்லின் சிக்கல் இங்குதான் எழுகிறது. 'மரபணு' என்பது மரபு, அணு என்னும் இரு சொற்களின் சேர்க்கை. சொல்லின் முதற்பகுதியே வழிவழியாக வருவது என்னும் பொருளை நெஞ்சில் பதித்துவிடுகிறது. 'உங்கள் மகளுக்கு வந்திருப்பது மரபணு நோய்' என்று மருத்துவர் கூறும்போது, அவர் கருதுவது ஒரு செல்லில் நேர்ந்த மாற்றத்தை. பெற்றோர் கேட்பது தம் குலத்தின் மீதான குற்றச்சாட்டை. யார் வழியில் வந்தது என்னும் வினா குடும்பத்திற்குள் எழுகிறது. தாய்வழி மீதும் சொந்தத் திருமணத்தின் மீதும் பழி போடப்படுகிறது. உடன்பிறந்தாரின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்னும் அச்சத்தால் நோய் மறைக்கப்படுகிறது. மறைக்கப்படும் நோய் கண்காணிப்பிலிருந்து விலகுகிறது. உண்மையில் மாஃபுச்சி நோய் பெற்றோரிடமிருந்து வருவதன்று. நோயாளியின் பிள்ளைகளுக்குச் செல்வதாகவும் அறியப்படவில்லை. எனவே நோயாளியிடம் பேசும்போது, 'கருவில் வளரும்போது ஒரு செல்லில் நேர்ந்த மாற்றம். பரம்பரையாக வந்ததன்று' என்று இரு கூறுகளையும் சேர்த்துச் சொல்வதே பொருத்தமாகும். கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் 'உடற்செல் திடீர்மாற்றம்' என்னும் தொடரைப் 'பரம்பரைத் திடீர்மாற்றம்' என்பதிலிருந்து வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும்.

கட்டி புற்றாக மாறும் வழி

ஐ.டி.எச். நொதி இயல்பாக ஐசோசிட்ரேட் என்னும் பொருளை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றும். திடீர்மாற்றம் அடைந்த நொதி ஒருபடி மேலே சென்று, அதனை 2-ஐதராக்சி குளூட்டரேட் என்னும் பொருளாக மாற்றிச் செல்லுக்குள் குவிக்கிறது. செல் முதிர்வதற்கு எந்தெந்த மரபணுக்கள் திறக்கப்பட வேண்டும், எவை மூடப்பட வேண்டும் என்பதை ஒழுங்குசெய்யும் நொதிகளை இப்பொருள் தடுக்கிறது. குருத்தெலும்புச் செல் முதிராமல் தங்கிவிடுவதன் காரணம் இதுவே.

இம்மாற்றம் மட்டுமே ஒரு கட்டியைப் புற்றாக்கிவிடுவதில்லை. அச்செல்களில் காலப்போக்கில் வேறு மாற்றங்களும் சேர வேண்டும். உயர்நிலைக் குருத்தெலும்புப் புற்றுகளில் டி.பி.53, சி.டி.கே.என்.2ஏ போன்ற காப்பு மரபணுக்கள் பழுதுபடுவது அறியப்பட்டுள்ளது. பத்து, இருபது, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட கட்டிகளை உடையவருக்கு, அவற்றுள் ஏதேனும் ஒன்று இவ்வழியில் செல்லும் வாய்ப்பு ஒற்றைக் கட்டி உடையவரைவிட மிகுதி. எந்தக் கட்டி மாறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

அபாயம் எலும்போடு நிற்பதில்லை என்பதும் கருதத்தக்கது. ஐ.டி.எச். மாற்றம் மூளையின் கிளையோமாக் கட்டிகள், கல்லீரலின் உட்புறப் பித்தநாளப் புற்று, ஒருவகைக் குருதிப்புற்று ஆகியவற்றிலும் காணப்படுவது. மாஃபுச்சி, ஒலியர் நோயாளிகளிடமும் கிளையோமா, கல்லீரல் சார்ந்த புற்றுகள், சூலகக் கட்டிகள் ஆகியன பதிவாகியுள்ளன. ஆகையால் கைவிரல் கட்டியை மட்டும் பார்த்துவிட்டு, தலைவலியையோ வலிப்பையோ வயிற்றுக் கட்டியையோ தொடர்பில்லாததெனத் தள்ளிவிடலாகாது.

அபாயத்தின் அளவு: எண்களைப் படிக்கும் முறை

ஒலியர் நோயாளிகளுள் 40 வயதளவில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர்க்குக் குருத்தெலும்புப் புற்று தோன்றக்கூடும் என 1987இல் வெளிவந்த சுவார்ட்ஸ் முதலானோரின் ஆய்வு மதிப்பிட்டது. மாஃபுச்சி நோயில் புற்று ஏறக்குறைய உறுதி என்றும் அது கருதியது. ஐரோப்பிய மையங்கள் பலவற்றிலிருந்து 161 நோயாளிகளைத் தொகுத்து வெர்டெகால் முதலானோர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் 144 பேர் ஒலியர் நோயினர். 17 பேர் மாஃபுச்சி நோயினர். மொத்தத்தில் 40 விழுக்காட்டினர்க்குக் குருத்தெலும்புப் புற்று கண்டறியப்பட்டது. கட்டிகள் கை, கால்களின் சிறு எலும்புகளில் மட்டும் இருந்தோரிடம் இது 15 விழுக்காடு. நீள் எலும்புகளிலும் இடுப்பெலும்பு போன்ற தட்டை எலும்புகளிலும் இருந்தோரிடம் 43 விழுக்காடு. இருவகை இடங்களிலும் இருந்தோரிடம் 46 விழுக்காடு.

இவ்வெண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, அரிய நோய்களில் கடுமையான நிகழ்வுகளே மருத்துவ இதழ்களுக்கும் பெரிய புற்று மையங்களுக்கும் செல்கின்றன. தொல்லையின்றி வாழ்வோர் கணக்கில் வருவதில்லை. ஆதலால் உண்மையான அபாயம் இவ்வெண்களைவிடக் குறைவாக இருக்கக்கூடும். இரண்டாவது, அபாயத்தைப் பெரிதும் உணர்த்துவது கட்டி அமைந்த இடம். இடுப்பெலும்பு, தொடையெலும்பு, தோள்பட்டை ஆகியவற்றில் கட்டி உடையவரைக் கண்காணிக்கும் முறையும், விரல்களில் மட்டும் கட்டி உடையவரைக் கண்காணிக்கும் முறையும் ஒன்றாக இருத்தல் தேவையில்லை. 'உங்களுக்குப் புற்று வரும்' என்று ஒரே சொல்லில் அச்சுறுத்துவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு 'இது வெறும் கட்டி' என்று அனுப்பிவிடுவதும்.

'தீங்கற்ற கட்டி' என்னும் தொடர்

தமிழில் 'கட்டி' என்பது சீழ்க்கட்டி முதல் கழலை வரை அனைத்தையும் குறிக்கும் பொதுச்சொல். அதனோடு 'தீங்கற்ற' என்னும் அடை சேரும்போது, நோயாளியின் செவியில் அது ஒரு விடுதலைத் தீர்ப்பாக ஒலிக்கிறது. திசு ஆய்வு அறிக்கை அன்று எடுத்த துண்டினைப் பற்றியது. நாளைய நிலையைப் பற்றியதன்று. அத்துண்டும் ஒரு கட்டியின் ஒரு பகுதியே. மற்றக் கட்டிகளைப் பற்றி அவ்வறிக்கை எதுவும் கூறுவதில்லை.

மேலும், இந்நோயில் திசு ஆய்வே எளிதன்று. புற்றல்லாத குருத்தெலும்புக் கட்டிக்கும் தாழ்நிலைக் குருத்தெலும்புப் புற்றுக்கும் இடையிலான வேறுபாட்டை நுண்ணோக்கியில் காண்பது கைதேர்ந்த வல்லுநர்க்கும் கடினம். ஒலியர், மாஃபுச்சி நோய்களில் புற்றல்லாத கட்டியிலும் செல்கள் நெருங்கிக் காணப்படுவதால் ஐயம் மேலும் மிகும். எனவே நோயியல் வல்லுநர், கதிரியல் வல்லுநர், எலும்புப் புற்று அறுவை மருத்துவர் ஆகிய மூவரும் ஒருங்கே அமர்ந்து முடிவுசெய்வதே முறை. ஊசி நுழையும் வழியும் பின்னர் நடைபெறவிருக்கும் அறுவையைக் கருதித் திட்டமிடப்பட வேண்டும்.

குருதிக்குழல் கட்டியின் பெயர் வரலாறும் இங்கு நினைவுகூரத்தக்கது. வைஸ், என்சிங்கர் ஆகியோர் 1986இல் கதிர்ச்செல் குருதிக்குழல் கட்டியை விவரித்தபோது, அது தாழ்நிலைப் புற்றுத்தன்மை உடையதென எண்ணிப் பெயரிட்டனர். பின்வந்த ஆய்வுகள் அது புற்றன்று எனக் காட்டவே, பெயரும் மாற்றப்பட்டது. மருத்துவத்தில் பெயர் என்பது அவ்வக்காலத்து அறிவின் அளவே என்பதற்கு இது சான்று. இந்நோயாளியின் எலும்புக் கட்டியைக் 'கண்காணிக்க வேண்டிய கட்டி' என்று குறித்து, 'இப்போது புற்றில்லை. ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்' என அறிக்கையின் கீழ்த் தமிழில் எழுதித் தருவதே தக்கது.

மருத்துவம்

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்று இல்லை. எல்லாக் கட்டிகளையும் அறுத்தெடுப்பதும் இயலாது, தேவையுமில்லை. மருத்துவத்தின் அடிப்படை கண்காணிப்பே. அதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒரே நெறிமுறை இல்லை. முதலில் உடல் முழுவதற்கும் மூளைக்கும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து அடிப்படைப் பதிவாக வைத்துக்கொள்வதும், ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவதும், அபாயம் மிகுந்த இடங்களைக் குறித்த இடைவெளியில் மீண்டும் படமெடுப்பதும் வல்லுநர் பலர் பரிந்துரைக்கும் வழி. எலும்பு முறிவின்றித் தோன்றும் வலி, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, வளர்ச்சி நின்ற வயதிற்குப் பின்னும் பெரிதாகும் கட்டி ஆகிய மூன்றும் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள். படத்தில் எலும்பின் புறச்சுவர் உடைபடுவதும், கட்டி வெளியே மென்திசுவுக்குள் பரவுவதும் ஐயத்தை வலுப்படுத்தும்.

குருத்தெலும்புப் புற்று கீமோ மருந்துகளுக்கும் வழக்கமான கதிர்வீச்சுக்கும் எளிதில் கட்டுப்படுவதில்லை. ஆதலால் அறுவையே முதன்மை மருத்துவம். கை, கால்களின் நீள் எலும்புகளில் தோன்றும் தாழ்நிலைக் கட்டியைச் சுரண்டியெடுத்து, எஞ்சிய செல்களைப் பீனால் போன்றவற்றால் அழித்து, குழியை எலும்புச் சிமெண்டால் நிரப்புவதுண்டு. உயர்நிலைப் புற்றாயின் சுற்றியுள்ள நல்ல திசுவுடன் சேர்த்து அகலமாக அகற்ற வேண்டும். இங்குக் காலத்தாழ்வின் விலை கண்கூடு: உரிய காலத்தில் சுரண்டியெடுத்தலோடு முடிந்திருக்கக்கூடியது, தாமதித்தால் உறுப்பிழப்பில் முடியலாம். உறுப்பைத் துண்டிக்காமல் எலும்பை மட்டும் அகற்றிச் செயற்கைப் பேரெலும்பு பொருத்தும் அறுவையைத் தமிழ்நாட்டில் வளர்த்தெடுத்தவர்களுள் சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மயில்வாகனன் நடராஜன் குறிப்பிடத்தக்கவர். மண்டையோட்டின் அடிப்பகுதியில் தோன்றும் குருத்தெலும்புப் புற்றுக்கு அறுவையோடு புரோட்டான் கதிர் மருத்துவமும் பயன்படுகிறது. அவ்வசதி 2019ஆம் ஆண்டு முதல் சென்னையில் உள்ளது.

குருதிக்குழல் கட்டிகள் வலி தந்தாலோ, குருதி கசிந்தாலோ, காலணி அணியத் தடையானாலோ அகற்றப்படும். மீண்டும் தோன்றுவதும் உண்டு. குழலைச் சுருக்கும் மருந்தை ஊசிவழிச் செலுத்துதலும், சிரோலிமஸ் என்னும் மருந்தும் சில நோயாளிகளிடம் பயன்பட்டுள்ளன.

திடீர்மாற்றம் அடைந்த நொதியையே தடுக்கும் மருந்துகள் புதிய வாயிலைத் திறந்துள்ளன. ஐவோசிடெனிப் என்னும் மருந்து 2018இல் அமெரிக்காவில் குருதிப்புற்றின் ஒருவகைக்கும், 2021இல் பித்தநாளப் புற்றுக்கும் ஏற்கப்பட்டது. முற்றிய குருத்தெலும்புப் புற்று உடைய 21 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான தொடக்கநிலை ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் நோய் வளராமல் நின்றது. நோய் முன்னேறாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 5.6 மாதங்கள். வோராசிடெனிப் என்னும் மருந்து 2024இல் தாழ்நிலைக் கிளையோமாவுக்கு ஏற்பளிக்கப்பட்டது. இவை நம்பிக்கை தருவனவே. எனினும் மாஃபுச்சி நோயில் புற்றைத் தடுக்க இம்மருந்துகளைக் கொடுப்பது நடைமுறை மருத்துவமாக அமையவில்லை.

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தில் தொடர்கண்காணிப்பு

திருவரங்கத்தில் வாழும் ஒரு நோயாளிக்கு இக்கண்காணிப்பு எவ்வாறு அமையக்கூடும்? ஆண்டுதோறும் உடலாய்வு செய்து படம் எடுக்கும் பணியை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐயம் எழும்போது மட்டும் அடையாறு புற்றுநோய் நிறுவனம், சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற உயர் மையங்களை நாடலாம். வலியில்லாத ஆண்டுகளிலும் ஒரு நாள் கூலியை இழந்து, இரவு மலைக்கோட்டை விரைவு வண்டியில் சென்னை செல்ல வேண்டுமென்றால் பலர் மூன்றாம் ஆண்டிலேயே நிறுத்திவிடுவர். அருகில் பார்ப்பதும் தொலைவில் தீர்மானிப்பதும் எனப் பணியைப் பிரிப்பது தொடர்ச்சியைக் காக்கும். அறுவை தேவைப்படின், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அச்சிகிச்சை அடங்குமா என முன்னரே கேட்டறிதல் நலம்.

வாழ்நாள் முழுதும் தொடரும் மருத்துவம் நம் மக்களுக்குப் புதிதன்று. நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்திற்கும் மாதந்தோறும் மாத்திரை பெறும் பழக்கத்தை 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாயில் வரை கொண்டுசென்றுள்ளது. நீரிழிவு நோயாளி மாத்திரை பெறுவதற்கேனும் வருகிறார். மாஃபுச்சி நோயாளிக்குக் கொடுப்பதற்கு மாத்திரை இல்லை. அவர் மீண்டும் வருவது மருத்துவர் கூறும் சொல்லை நம்பி மட்டுமே. சொல் பிழைபட்டால் கண்காணிப்பு முறிவதன் காரணம் இதுவே.

எனவே நோயாளி தம் கையில் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் வேண்டும். அதில் நோயின் பெயர், கட்டி உள்ள எலும்புகளின் பட்டியல், ஒவ்வொரு படத்தின் நாள், அடுத்து வரவேண்டிய நாள், அபாய அறிகுறிகள் ஆகியன எளிய தமிழில் இடம்பெற வேண்டும். மருத்துவர் மாறினும், ஊர் மாறினும், திருமணமாகி வேறிடம் சென்றாலும் அக்குறிப்பேடு உடன் செல்லும். முதன்முறை பார்க்கும் மருத்துவர்க்கும் அது வழிகாட்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போன்ற துணை வேறில்லை.

முடிவுரை

மாஃபுச்சி நோய் பரம்பரை நோயன்று. கருவளர்ச்சியின்போது ஒரு செல்லில் நேரும் ஐ.டி.எச். திடீர்மாற்றத்தால் விளைவது. அதன் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றாவதில்லை. ஆயினும் நோயாளிகளுள் கணிசமானோர்க்கு வாழ்நாளில் புற்று தோன்றுகிறது. அபாயம் கட்டி அமைந்த இடத்தைப் பொறுத்து வேறுபடுகிறது. அறுவையே முதன்மை மருத்துவமாதலால், உரிய காலத்தில் கண்டறிதலே உயிரையும் உறுப்பையும் காக்கும்.

இவற்றை உணர்த்த 'தீங்கற்ற கட்டி' என்பதற்கு மாற்றாகக் 'கண்காணிக்க வேண்டிய கட்டி' என்பதும், தனித்து நிற்கும் 'மரபணு நோய்' என்பதற்கு மாற்றாகப் 'பரம்பரையல்லாத உடற்செல் மாற்றம்' என்பதும் இக்கட்டுரையில் பரிந்துரைக்கப்படுகின்றன. இத்தொடர்களைத் தமிழ் ஆய்வாளர்களும் மருத்துவர்களும் இணைந்து புறநோயாளர் பிரிவிலேயே சோதித்துப் பார்க்கலாம். இவற்றைக் கேட்ட நோயாளி அடுத்த ஆண்டும் வருகிறாரா என்பதே அச்சோதனையின் அளவுகோலாக அமைய வேண்டும்.